கப்பலுக்குப் போன டிஸ்க்

கல்யாணம் பண்ணிக்கொள்வதைவிடக் கல்யாண வீடியோவை டிஸ்கில் அடைப்பது கஷ்டம் என்று அவள் சொல்வாள். இரண்டையும் செய்தவள், சொல்லட்டும். கேமராக்காரர்கள் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பிடித்த எச்.டி. படத்தை மலைபோலக் கொண்டுவந்து கொட்டுவார்கள். டிஸ்கில் இருக்கும் இடமோ கைக்குட்டை அளவு. சுருக்கித்தான் ஆகவேண்டும். ரொம்பச் சுருக்கினால் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக மணப்பெண்ணின் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். சுருக்காமல் விட்டால் பிளேயர் பாதியில் மூச்சுத் திணறி நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு உண்டு. அந்த அளவு அவளுக்குக் கைவந்த கலை என்பதால்தான் ஸ்டுடியோக்காரர் வேலையை அவள் வீட்டுக்கே கொடுத்து அனுப்புகிறார்.

வீடு என்றால் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் கட்டில், இன்னொன்றில் கம்ப்யூட்டர், டிஸ்க் எழுதும் பெட்டி, சோதித்துப் பார்க்க வெவ்வேறு கம்பெனி பிளேயர்கள் மூன்று. படத்தைச் சுருக்கும் அந்த வேலையை, அதாவது என்கோடை, போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். முதல் சுற்றில் படம் முழுவதையும் ஒருதரம் பார்த்து, எங்கே ஆட்டம் பாட்டம், எங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும். இரண்டாம் சுற்றில்தான் எழுதும். அதுவரை அவளுக்கு வேலையில்லை. வேலையில்லாத நேரம்தான் அவளுக்குச் சத்ரு. வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டித் திரையில் ஊர்ந்துகொண்டிருக்கும் பச்சைக் கோட்டைப் பார்த்து, “ஏன், கால் வலிக்குதா? கொஞ்சம் வேகமா போயேன்” என்பாள். அந்த வீட்டில் அவள் பேசுவதற்கு அதை விட்டால் நாதியில்லை.

புருஷன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை உதவியாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. சேர்ந்து இருந்த நாட்களை இழுத்துக் கட்டினாலும் ஒரு வருஷம் தேறாது. அந்தக் கப்பலில் சாதாரண ஆட்களுக்கு இன்டர்நெட் கிடையாது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு டிவி, அதன் அடியில் ஒரு பழைய எச்.டி. பிளேயர், அவ்வளவுதான் கேளிக்கை. அதனால் மாதம் ஒருமுறை வீட்டைப் படம் பிடித்து டிஸ்கில் போட்டுக் கம்பெனி ஆபீஸில் கொடுப்பாள். அவர்கள் அடுத்த துறைமுகத்துக்குப் போகும் உதிரி பாகங்களோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள்.

முதலில் அனுப்பிய டிஸ்க் ஓடவே இல்லை. “உன் டிஸ்க் சரியில்ல” என்று துறைமுகத்திலிருந்து போனில் சொன்னான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். கோளாறு அந்தப் பிளேயரில். அதன் மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு இடம் தரலாம் என்ற அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்து அனுப்பினாள். கடைசியில் ஓடியது. கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்களாம்.

அங்கேதான் வந்தது சங்கடம். எல்லோரும். மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவரான போசன், சமையல்காரர், பழுது பார்க்கும் ஃபிட்டர், பெயிண்ட் அடிக்கிறவர்கள் என்று அத்தனை பேரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டைப் பார்த்தார்கள். இவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவள் போட்டு அனுப்புவதும் அதற்குத் தகுந்த மாதிரிதான்: புதிதாக மாட்டிய திரைச்சீலை, தோண்டிப்போட்ட தெரு, எதிர்வீட்டுப் பூனை. “பூனை குட்டி போட்டுச்சான்னு போசன் கேக்கச் சொன்னார்” என்பான் போனில். ஊரார் வீட்டுப் பூனைக்கு நடுக்கடலில் கவலைப்பட ஆள் இருந்தது. அவளைப் பற்றிக் கேட்க அவனுக்குத்தான் வாய் வரவில்லை. போனில் அவனுக்குத் தெரிந்த வார்த்தைகள் மூன்று: “ம்”, “சரி”, “வச்சிடட்டா?” கேட்டால் பின்னால் போனுக்கு வரிசை நிற்கிறது என்பான். சரியான கல்லுளிமங்கன். ஆனால் கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம்.

ஒப்பந்தம் முடிகிற சமயம் வந்தது. முன்பும் இப்படி வந்தது. வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமலே கப்பலிலேயே மறுபடி கையெழுத்துப் போட்டுவிட்டான். “இந்த ஒரு தடவை” என்றான். அதற்கு முன்பும் அதே ஒரு தடவைதான். இந்த முறையும் போட்டுவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. மிகைப்படுத்தவில்லை, ஒரு மத்தியானம் பச்சைக் கோட்டோடு சண்டை போட்டுக் கோபித்துக்கொண்டு அவள் சாப்பிடாமல் இருந்தாள். பிறகு அதை நினைத்துத் தனக்குத்தானே வெட்கப்பட்டாள்.

வரிசைக்கு முன்னால் போனில் சொல்ல முடியாது. கூட்டத்துக்கு நடுவே டிஸ்கில் சொல்ல முடியாது. அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது: டிஸ்குக்குள்ளேயே ஒரு தனி அறை கட்டினால் என்ன?

தொழில் தெரிந்தவளுக்கு அது பெரிய காரியமில்லை. இத்தனை நாள் அனுப்பியவை மெனு இல்லாத டிஸ்குகள், போட்டால் ஓடும். இந்த முறை ஒரு மெனு வைத்தாள். சும்மா ஓகே அமுக்கினால் வழக்கமான வீட்டுப் படம். வலதுபக்க அம்புக்குறியை அமுக்கிவிட்டு ஓகே அமுக்கினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொத்தான் திறந்து இன்னொரு சின்னப் படம் ஓடும்.

அந்தச் சின்னப் படத்துக்காகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கேமராவை அலமாரித் தட்டில் வைத்துப் பேசினாள். தலைகூடச் சரியாக வாரவில்லை.

“என்னங்க, இது உங்களுக்கு மட்டும். ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்கேன்னு சொல்றேன்ல, அது பொய். நான் நல்லா இல்ல. படிக்கட்டுல யாராவது ஏறி வர்ற சத்தம் கேட்டா எந்திரிச்சு நின்னுடுறேன். எதிர்வீட்டுக்குத்தான் வர்றாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் நிக்கிறேன். நீங்க சம்பாதிச்சது போதுங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். சண்டை போடவாவது வீட்ல ஒரு ஆள் வேணும். நான் பேசாம இருந்தா, ஏன் பேச மாட்டேங்குறன்னு கேக்க ஒரு ஆள் வேணும். இந்தத் தடவை கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க.”

திரும்பப் போட்டுப் பார்த்தபோது அழிக்கத்தான் கை போனது. அழிக்கவில்லை. கப்பலில் இருக்கும் பிளேயர் தாங்கக்கூடிய கடைசி அளவு வரை இடத்தை அந்தச் சின்னப் படத்துக்கே கொடுத்தாள். திரைச்சீலையும் தெருவும் கொஞ்சம் மங்கினால் மங்கட்டும். தன் முகம் மட்டும் கட்டம் கட்டமாக உடையக் கூடாது. வீட்டிலிருந்த மூன்று பிளேயர்களிலும் போட்டுப் பார்த்தாள். மெனு வந்தது, அம்புக்குறி வேலை செய்தது, சின்னப் படம் ஒளிந்திருக்க வேண்டிய இடத்தில் ஒளிந்திருந்தது.

அடுத்த போனில் அவனிடம் சொன்னாள். “மெனு வந்ததும் வலதுபக்க அம்புக்குறியை அமுக்கிட்டு ஓகே குடுங்க. யாரும் இல்லாதப்ப.”

“எதுக்கு?”

“அமுக்குங்களேன். அதுல ஒண்ணு இருக்கு.”

“சரி” என்றான். “வச்சிடட்டா?”

வைத்துவிட்டான். அதன் பிறகு அவள் காத்திருந்தாள். யாரோ ஒருவரின் வரவேற்பு வீடியோவில் மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடத்தைத் தேவையில்லாமல் பலமுறை ஓட்டிப் பார்த்தாள். அவனும் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வான் என்று ஆசையாக இருந்தது.

ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

“அண்ணி, நான் கப்பல்ல சமையல் பண்றவன் பேசுறேன். பயப்படாதீங்க, அண்ணன் நல்லா இருக்கார்.”

“சொல்லுங்க” என்றாள்.

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல. டிஸ்க் வந்துச்சு அண்ணி. சாப்பாட்டு நேரத்துல வழக்கம்போல போட்டேன். கப்பல்ல இருக்கிற மிஷினுக்கு மெனு கினு எல்லாம் தெரியாது. போட்டதும் ஒண்ணாம் நம்பர் படத்துல இருந்து ஓட ஆரம்பிச்சிடும்.”

ஒன்றாம் எண். சின்னப் படத்தைத்தான் ஒன்றாம் எண்ணில் வைத்திருந்தாள். ஸ்டுடியோ வேலையில் அதுதான் வழக்கம்: சின்னதை முதலில் வை, டிஸ்க் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சட்டென்று பார்த்துவிடலாம். யோசிக்காமலே கை செய்துவிட்டது. பழக்க தோஷம். கல்யாண வீட்டுக்காரர்கள் எத்தனை பேரின் டிஸ்கையோ காப்பாற்றிய பழக்கம் அவளை நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டது.

“எல்லாரும் பாத்தீங்களா?”

“பாத்தோம் அண்ணி. ரிமோட்டு என் கையிலதான் இருந்துச்சு. நிறுத்தியிருக்கணும். நிறுத்த முடியல. ஒருத்தரும் நிறுத்தச் சொல்லல. போசன் மட்டும் பாதியில எந்திரிச்சு வெளிய போய்ட்டார்.”

“அவரு?”

“அண்ணன் அப்ப எஞ்சின் ரூம்ல டியூட்டி. முடிச்சிட்டு வந்ததும் நாங்க எல்லாரும் தட்டைத் தூக்கிட்டு வெளிய போய்ட்டோம். அவரை மட்டும் உள்ள உக்கார வச்சுப் போட்டு விட்டேன். கதவையும் சாத்திட்டேன். வேற யார் வாயிலயாவது கேட்டு உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நானே சொல்றேன். மன்னிச்சுக்குங்க.”

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது அவளுக்கு. வாரப்படாத தலையோடு, கட்டில் ஓரத்தில், இத்தனை ஆண்பிள்ளைகளுக்கு முன்னால். ஆனால் அந்த வெட்கத்தையும் முட்டித் தள்ளிக்கொண்டு ஒரு கேள்வி வந்தது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“கையெழுத்து என்னாச்சு?”

“போசன் போடல அண்ணி. வீட்டுக்குப் போறேன்னுட்டார். ஃபிட்டரும் போடல. நானும்தான். மூணு பேரும் இங்க இறங்கிட்டோம். இப்ப ஏர்போர்ட்ல இருந்துதான் பேசுறேன்.”

“நான் உங்களைக் கேக்கல.”

“அவரு போட்டுட்டார் அண்ணி.”

அவள் “சரி” என்றாள். “பாத்துப் போங்க” என்றும் சொன்னாள். யார் பெற்ற பிள்ளையோ, ஊர் போய்ச் சேரட்டும் என்றுதான் அப்போதும் நினைத்தாள். போனை வைத்துவிட்டு, பாதியில் நின்ற என்கோட் வேலையைத் தொடர்ந்தாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. அதோடு பேசப் பிடிக்கவில்லை.

கப்பல் அடுத்த துறைமுகம் தொட்டதும் அவன் கூப்பிட்டான். குரலில் என்றுமில்லாத உற்சாகம்.

“ஒரு விஷயம் சொல்லணும். ஃபிட்டர் இறங்கிட்டாரா, அந்த இடத்துக்கு என்னைப் போட்டுட்டாங்க. எத்தனை வருஷமா எதிர்பார்த்தது! திடீர்னு மூணு பேர் கிளம்பிட்டாங்க, கேப்டன் கையைப் பிசையறார். நல்ல நேரம்னுதான் சொல்லணும்.”

டிஸ்கைப் பற்றி அவனாகவே சொல்வான் என்று அவள் பார்த்தாள். சொல்லவில்லை.

“டிஸ்க்கைப் பாத்தீங்களா?”

“ம். பாத்தேன்.” பின்னால் யாரோ செருமினார்கள், வரிசை நின்றது போலும். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தேடிப் பிடித்தவன்போலச் சொன்னான்: “ரொம்பத் தெளிவா இருந்துச்சு. முன்ன மாதிரி கட்டம் கட்டமா வரல. உன் முகம் அப்படியே பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு.”

“நான் கேட்டது?”

“இந்த ஒரு தடவை. ஃபிட்டர்னா சும்மாவா? நீயே யோசிச்சுப் பாரு.” பிறகு, “ஏன் பேச மாட்டேங்குற?” என்றான்.

வீட்டில் இருந்து கேட்கச் சொன்னதை அவன் போனில் கேட்டான். வந்தது அழுகையா கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. “வரிசை நிக்குதுல்ல, வச்சிடுங்க” என்று அவளே வைத்துவிட்டாள்.

அந்த மாதம் டிஸ்க் அனுப்பவில்லை. அடுத்த மாதமும் இல்லை. கம்பெனி ஆபீஸிலிருந்து ஒருவர் அக்கறையாகக் கூப்பிட்டு, பார்சல் தவறிவிட்டதா என்று விசாரித்தார். எழுதும் பெட்டி ரிப்பேர் என்று சொன்னாள். அதே பெட்டி அன்றைக்கும் ஒரு நிச்சயதார்த்தத்தை எழுதித் தள்ளிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் ஒரு பெண் போன் செய்தாள். போசனின் மனைவி. எண்ணைச் சமையல்காரரிடம் கேட்டு வாங்கினாளாம்.

“நீங்கதானே அந்த டிஸ்க் போடுறவங்க? உங்களால வந்துட்டேன்னு சொல்றார். என்ன சொன்னாங்கன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குறார். அப்படி என்னதாங்க சொன்னீங்க? நான் எத்தனை வருஷமா எத்தனையோ சொல்லியிருக்கேன், ஒண்ணும் ஏறல.”

“புதுசா ஒண்ணும் சொல்லலைங்க. நீங்க சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன்.”

“வந்ததுல இருந்து ஒரே ரோதனை. எல்லாத்தையும் இடம் மாத்தி வைக்கிறார். என் அடுக்களையைக் கப்பல்னு நினைச்சுட்டார்.” அவள் சிரித்தாள். சிரிப்பில் பெருமை வழிந்தது. “உங்க வீட்டுக்காரர் எப்ப வர்றார்?”

“வருவார்” என்றாள் இவள்.

அந்தப் பக்கம் உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் எதையோ காணோம் என்று கத்தியது. ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. “பாத்தீங்களா, இதான். ஒரு நிமிஷம் நிம்மதி இல்ல. நான் போய் என்னன்னு பாக்குறேன், அப்புறம் பேசட்டுமா?”

“போய்ப் பாருங்க” என்றாள் இவள். “ஆனா போனை வைக்காதீங்க. அப்படியே அங்க வச்சிட்டுப் போங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஏன் என்று கேட்காமல் போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பார்த்தே இராத ஒரு வீட்டில் இருவர் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.