மறுத்துப் பேசாதீங்க

பெற்ற அத்தா வீட்டில் இல்லை என்பதே சுஹைனாவுக்கு அவளுடைய ரீல்ஸுக்கு வந்த கமெண்டில்தான் தெரிந்தது. "அக்கா, உங்க அத்தா இன்னைக்கு என் பஸ்லதான் வந்தாரு. டூட்டிக்கு லேட்டாச்சுன்னாரு. நீங்க சொன்ன மாதிரியே மறுத்துப் பேசல. கேட்ட எடத்துல, சூளகிரியில எறக்கி விட்டுட்டேன்." எழுதியவன் கம்பெனி பஸ் ஓட்டும் கங்கப்பன். கூடவே செல்ஃபி. பஸ் வேலையில் இருந்த காலத்துப் பழைய காக்கிச் சட்டையில் அத்தா ஃபக்ருதீன் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு ஏகப்பட்ட லைக் வேறு.

ஓசூரில் ஷிப்டை அப்படியே போட்டுவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டபடி வெளியே ஓடிவந்தாள். நைட் ஷிப்ட் முடித்து வந்து, கதவைத் தாழிடாமல் தூங்கிப்போன தம்பி ஃபைஸான் பைக்கோடு வந்து நின்றான். அவனைத் திட்டக்கூட நேரமில்லை.

மறதி நோயை ஊருக்குப் புரியவைக்கத்தான் அவள் அத்தாவை வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தாள். 'அவங்க சொல்றத மறுத்துப் பேசாதீங்க, ஆமான்னு சொல்லுங்க' என்ற ரீல் கிருஷ்ணகிரி வரைக்கும் சுற்றியது. ஆமாம் சொல்லிவிட்டு ஆளைத் தனியே விடக் கூடாது என்று அதில் சொல்லவில்லை. சொல்லாமலே புரியும் என்று நினைத்துவிட்டாள், பாவி.

கங்கப்பன் போனை எடுக்கவில்லை. பைக்கின் பின்னால் உட்கார்ந்து கமெண்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். 'பாய்க்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.' 'நானும் பார்த்தேன், செம ஸ்வீட்.' அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருத்தராவது பிடித்து உட்கார வைத்தார்களா? அப்புறம் ரோஷன் என்ற ஒருவனின் லைவ் வந்தது. சூளகிரி ஹைவே ஓரத்தில் அத்தா. பின்னால் லாரிகள்.

"எதிர்ப்பக்கம் என் பஸ் நிக்குதுப்பா," என்றார் அத்தா.

"ஆமாங்க பாய், நிக்குது. போங்க," என்றது ரோஷனின் குரல், அன்பாகத்தான்.

'விடாதே, பிடி' என்று அவள் டைப் செய்தாள். யார் படித்தார்கள்! லைவ் பாதியில் நின்றுவிட்டது. "ஓட்டுடா," என்று தம்பியின் முதுகில் அடித்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அத்தாவின் ஒரு கால் தார் மேல் இருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். எழுபது வயதிலும் அந்தக் கையில் அப்படி ஒரு பலம்.

"விடும்மா. பஸ் போயிடும்."

"பஸ் நிக்கும் அத்தா. ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்." வீட்டில் எப்போதும் பலிக்கிற பேச்சு அது.

"குடிச்சு குடிச்சு வயிறு ரொம்பிப் போச்சு," என்று இழுத்தார். அவள் செருப்பு வழுக்கியது. கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டபடி வந்தது.

"அங்க பஸ்ஸே இல்ல அத்தா. நீங்க ரிட்டயராகி ரொம்ப வருஷமாச்சு. உங்களுக்கு வேலை இல்ல."

அவர் நின்றுவிட்டார். லாரி கடந்து போனது. "எங்கிட்ட யாரும் சொல்லலையே," என்றார். அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். சுஹைனாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை மட்டும் விடவில்லை.

ரோஷன் போனை இறக்காமலே கேட்டான். "அக்கா, மறுத்துப் பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்," என்று துப்பட்டாவால் அத்தாவின் முகத்தைத் துடைத்தாள். "இதையும் போடு தம்பி. அழ வெச்சாவது புடிச்சு நிறுத்துங்கன்னு போடு."