முப்பத்தொன்பது வரிகள்

அந்த ஊரில் நாட்காட்டிக் கட்டத்தில் எத்தனை வரி அச்சாகிறதோ, அதற்குத் தக்கபடிதான் நாள் நீளும். மூன்று வரி இருந்தால் இருபத்துநான்கு மணி நேரம். நான்கு வரி என்றால் பொழுது சாய மனமில்லாமல் இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரு வரியும் இல்லாத நாள், பல் தேய்த்து முகம் துடைப்பதற்குள் முடிந்துவிடும். ஆகவே எந்தத் தேதிக்கு எதைச் சேர்ப்பது என்று அச்சகத்தில் முடிவு செய்பவரை எல்லோரும் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தார்கள். அவரைத் தேதிக்காரர் என்பார்கள். பாலம் திறந்த நாள், தண்ணீர்க் குழாய் வந்த நாள், முதல் பேருந்து கவிழ்ந்த நாள் எல்லாம் அவர் மேஜையில் துண்டுச் சீட்டுகளாகக் கிடக்கும். பொத்தான் தினம் வேண்டுமென்று தையற்காரர்கள் ஆறு வருஷம் நடையாய் நடந்தார்கள். பரீட்சை நாளைக் காலியாக விடும்படி பள்ளிப் பிள்ளைகள் மனு கொடுத்தார்கள். அவர் யாருக்கும் மசியவில்லை. மூன்று வரிக்கு மேல் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் புத்தி தடுமாறியது அக்காவால். இருவருக்கும் கல்யாணமாகவில்லை, ஒரே வீட்டில் ஐம்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு இதயம் வீங்கியிருக்கிறது, வருகிற மார்ச் பத்தொன்பதைத் தாண்டாது என்றார் டாக்டர். தேதி சொல்லித் தவறியதில்லை அந்த மனிதர். அதனாலேயே அவரை ஒருவருக்கும் பிடிக்காது. தேதிக்காரர் அன்று உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல்வரை போய்விட்டு வந்தார். பிறகு இருபதாம் தேதியிலிருந்து மாதக் கடைசிவரை இருந்த சீட்டுகளை வழித்தெடுத்துப் பத்தொன்பதில் கொட்டினார். அந்த ஒரு கட்டத்தில் முப்பத்தொன்பது வரி. படிப்பதற்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

மார்ச் பத்தொன்பது விடிந்தது, போகவில்லை. ஆண்கள் அதே நாளில் நான்கு தடவை சவரம் செய்துகொண்டார்கள். கைக்குழந்தைகள் தூங்க மறுத்தன. பகல் காவலாளிகள் இரவுக் காவலாளிகளை எதிர்பார்த்து எதிர்பார்த்துக் கண் பூத்துப் போனார்கள். தேதிக்காரர் அக்காவின் மூச்சை எண்ணுவார், வாசலுக்குப் போய் வெயிலைப் பார்ப்பார், திரும்பி வந்து மறுபடி எண்ணுவார்.

"ஏன்டா இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துற?" என்றாள் அக்கா.

அவர் செய்ததைச் சொன்னார். அக்கா சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றித் தரச் சொல்லித் தாள்களைத் தூக்கிப் பார்த்தாள். இருபது காலி. இருபத்தொன்று காலி. முப்பத்தொன்றுவரை வெள்ளைக் கட்டம்தான்.

"எவ்வளவு இழுத்தாலும் இது இன்னிக்குத்தானேடா. எனக்கு நாளைக்கும் வேணும்."

"நாளைக்கு நீ இருக்கமாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா."

"அதை நான் பாத்துக்கறேன். நீ மொதல்ல நாளைக்கு எதையாவது போடு."

ஒருவேளை அவள் தப்பிப் பிழைத்தால் என்று அவர் யோசித்தே பார்த்திருக்கவில்லை. அச்சகத்துக்கு ஓடினார். எடுத்த வரிகளை எல்லாம் அந்தந்தத் தேதிக்கே திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சீட்டு அடித்து, பசை வாளியோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். வாயில் வந்தபடி ஏசிக்கொண்டே எல்லோரும் ஒட்டவிட்டார்கள். கடைசி வீட்டுப் பசை காய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் அக்கா எழுந்து, காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று அவரைத் திட்டினாள். நாடி பார்க்க வந்த டாக்டர், நாட்களை ஒழுங்காக ஓடவிட்டிருந்தால் தன் கணக்குத் தவறியிருக்காது என்று கோபித்துக்கொண்டு போனார். அக்கா முப்பத்தொன்றாம் தேதிவரை இருந்தாள். மொத்தம் பன்னிரண்டு நாள், ஒவ்வொன்றும் மூன்று வரி. பன்னிரண்டிலும் இருவரும் சண்டை போட்டார்கள்.

ஏப்ரல் முதல் வாரம் அடைமழை. அச்சகத்துக்கு எதிர்வீட்டில் பசை பிடிக்காமல் சீட்டு விழுந்துவிட்டதால், அந்த வீட்டு மாடியில் மட்டும் இன்னும் பத்தொன்பதாம் தேதியாகவே இருந்தது. தெருவே துணிகளை அங்கே கொண்டுபோய்க் காயப்போட்டது. தேதிக்காரரும் அக்காவின் போர்வைகளைத் துவைத்து எடுத்துப்போய்க் கொடியில் விரித்தார். வெயில் நன்றாகவே அடித்தது.