லாரிக்காரம்மாவின் நல்ல பேர்

கட்டடம் இடிக்கிற இடங்களில் எல்லாரும் அவளை லாரிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு லாரி, பதினெட்டு வருஷத் தொழில். ஒன்றை அவள் கணவரே ஓட்டினார். உடைத்த சுவரை அள்ளிக்கொண்டுபோய், ஊருக்கு வெளியே அரசாங்கக் குப்பைக் கிடங்கில் கட்டணம் செலுத்திக் கொட்டுவார்கள்.

பிறகு புதுக் கம்பெனி ஒன்று முளைத்தது. இருபது வண்டி, பாதிக் கூலி. கிடங்குப் பக்கம் அந்த வண்டிகள் தலைகாட்டியதே இல்லை; எல்லாக் குப்பையும் ஏரிக்குள் போனது. முதலாளி கடத்தலில் கொழுத்தவர் என்பது ஊரறிந்த ரகசியம்.

வருஷக்கணக்காக வேலை கொடுத்த மேஸ்திரி ஒருநாள் அவளை ஓரமாக அழைத்தார்.

"அக்கா, இனிமே வண்டி அனுப்பாதீங்க."

"வேலையில ஏதாவது குறையா?"

"ஒரு குறையும் இல்ல. அவங்க வண்டிதான் உள்ள வரணுமாம். எனக்கும் புள்ளகுட்டி இருக்குக்கா."

அவள் ஏரியைப் போட்டோ எடுத்து, அதிகாரியிடம் புகார் கொடுத்தாள். அவர் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் மதியமே கம்பெனி மேனேஜர் அவள் ஷெட்டுக்கு வந்தான். கையில் அதே புகார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்றான். "உங்க நல்ல பேர் எங்களுக்கு வேணும். எங்க வண்டியில உங்க பேரப் போட்டுக்கறோம். நீங்க ஆபீஸ்ல சும்மா உக்காந்தா போதும்."

"முடியாதுன்னா?"

"உங்க வீட்டு சார்தானே தெனமும் லாரி ஓட்டறாரு?" குரலில் அத்தனை மரியாதை.

மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நான்காவது வாரம், இறக்கத்தில் கணவரின் லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. பிரேக் குழாயை அறுத்துவிட்டிருந்தார்கள். உயிர் பிழைத்தது, இடது கால் போனது.

"கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிடு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். அவர் தடுப்பார் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

இப்போது அவளுக்கு ஏசி அறை. போன வாரம் ஏரிக்கரைத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுக்குள் வந்து, குழந்தை காய்ச்சலில் கிடக்கிறதாம்.

"உங்க பேர் போட்ட வண்டிதான் ஏரியில கொட்டுதுன்னு சொல்றாங்க. நீங்க அப்படிச் செய்யற ஆள் இல்லன்னு சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அது எங்க வண்டி இல்லம்மா" என்றாள் லாரிக்காரம்மா.

அந்தப் பெண் அதை நம்பி, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.