காதுகுத்துக்குப் போகும் வழி

எங்கள் சதுப்பில் நடந்துகொண்டிருப்பவரைப் பார்த்து "எங்க போறீங்க?" என்று கேட்டால் பாதை நீண்டுவிடும். மற்ற ஊர்களில் இப்படி யாராவது கேட்டால் சகுனத் தடை என்று வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். எங்களிடம் தண்ணீரெல்லாம் பலிக்காது. நீண்டது நீண்டதுதான்.

கேட்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கையில் தாம்பாளத்தோடு போகிறான். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. கொஞ்ச காலம் "தூரமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார்கள். பாதை அதையும் புரிந்துகொண்டது.

நான் சீர்த்தட்டோடு கிளம்பியது என் அக்கா அமிர்தவல்லியின் மகள் காதுகுத்துக்கு. நான் ஒரே தாய்மாமன். குழந்தையை என் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அக்கா வீடு சதுப்பின் அந்தப் பக்கம். நடுவில் உப்பளமும் சேறும். ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு மண் கரை. தரை அப்பளம் மாதிரித் தட்டையாக இருப்பதால் இங்கே நின்றாலே அக்கா வீட்டு வாசல் தெரியும். சத்தமாகப் பேசினால் கேட்கும்.

அன்று காலை பந்தல் தெரிந்தது. ஆசாரி ஊசியைத் துடைப்பது தெரிந்தது. குழந்தை செங்கமலம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. வேகமாக நடந்தேன். கிட்டத்தட்டப் போய்விட்டேன்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டாள்.

"டேய் காத்தமுத்து! எங்கடா வந்துக்கிட்டு இருக்க?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதுவும் தெரிந்தது. பந்தல் அப்படியே பின்னால் போனது.

பாதி வழியில் சிங்காரவேலு சித்தப்பா மைல்கல்லாக இருக்கிறார். முன்பு உப்பு வாரிக்கொண்டிருந்தார். முழங்கால் வலி வந்ததும் இந்த வேலைக்கு மாறிக்கொண்டார். இடுப்புவரை மண்ணுக்குள் இருப்பார். மேலே சுண்ணாம்பு பூசியிருக்கும். நெஞ்சில் தூரம் எழுதியிருக்கும். பாதை நீளும்போது அவரே அழித்து எழுதிக்கொள்வார்.

"எவ்வளவு சித்தப்பா?"

"பாக்காத. மனசு ஒடஞ்சிரும்." இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"கல்லு தண்ணி குடிக்குமாடா?" கொஞ்சம் யோசித்தார். "சரி, குடு."

நல்ல மனிதர். என்னிடம் ஒருநாளும் எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை.

பாதையில் இருப்பவனுக்கு வயதாகாது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் ஆகும். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. செங்கமலத்துக்கு முடி வளர்ந்து ரெட்டைச் சடை ஆயிற்று. பள்ளிக்கூடம் போனாள். காது மட்டும் மூளியாக இருந்தது.

அத்தான் வைரக்கண்ணு பொறுமைசாலி. அவரே ஒருநாள், "எங்க அண்ணன் மடியில வச்சாவது குத்திருவோமே" என்றார்.

"என் தம்பி மடி வந்துக்கிட்டு இருக்கு" என்றாள் அக்கா. "அவ்வளவு அவசரம்னா உங்க அண்ணனுக்கே குத்திக்குங்க."

அத்தானின் அண்ணனுக்கு அன்று சாயங்காலமே குத்திவிட்டார்கள். கடைசிவரை கடுக்கன் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் தினமும் அக்காவிடம் கெஞ்சினேன்.

"அக்கா, தயவுசெஞ்சு கேக்காத!"

"கேக்கலடா. நான் என்ன கூறுகெட்டவளா? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"வெயிலு அடிக்குது, தலையில துண்டப் போட்டுக்க."

"போட்டுக்கிட்டேன்."

"நல்லது. இப்ப எங்க வந்துக்கிட்டு இருக்க?"

ஒரு பகல் முழுக்க நடந்த தூரம் திரும்ப முளைத்துவிடும். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வரும். பாசத்தை வாயிலேயே வைத்திருந்தால் இப்படித்தான். அந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதைப் பார்த்தால் கோபம் போய்விடும். மறுபடி நடப்பேன்.

ஒருமுறை நகரத்திலிருந்து நடைப் பயணக் குழு ஒன்று வந்தது. தொப்பி, கைத்தடி, முதுகுப் பை. பூநாரைகளைப் படம் எடுத்தார்கள். ஒரு அம்மாள் என்னைக் கடந்து போனார். கொஞ்ச நேரத்தில் அக்கா வீட்டில் மோர் குடித்துவிட்டு எதிரே வந்தார்.

"எப்படிப் போனீங்க?" என்றேன். எப்படி என்று கேட்கலாம். அதற்குத் தடை இல்லை.

"நாங்க எங்கயும் போகலையே. சும்மா நடக்குறோம்."

அவர்களை யார் என்ன கேட்டாலும் பாதைக்கு நீட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் எல்லா இடத்துக்கும் சட்டென்று போய்ச் சேர்ந்தார்கள்.

"நீங்களும் சும்மா நடங்க சார். காலுக்கு நல்லது."

முயன்று பார்த்தேன். பூநாரையைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்தேன். தட்டு இல்லாத கையை வீசினேன். ஆனால் குனிந்தால் என் மடி தெரிந்தது. மடி தெரிந்தால் குழந்தை ஞாபகம் வந்தது. சும்மா நடக்க எனக்கு வரவில்லை. அந்த அம்மாள் பசிக்கிறது என்றார். சீர்த்தட்டில் இருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தேன். பேரீச்சம்பழத்தையும் கேட்டார்கள்.

செங்கமலம் ஒருநாள் கரை ஓரம் வந்து நின்றாள். பெரியவளாகியிருந்தாள்.

"மாமா, எனக்கு மாப்பிள்ளை வந்திருக்கு. கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து காது குத்திக்கிடட்டுமா?"

"தாராளமா பண்ணிக்கம்மா."

"கோச்சுக்க மாட்டீங்களே?"

"நான்தானேம்மா லேட்டு."

கோந்து வைத்துத் தோடு ஒட்டினார்கள். தாலி கட்டும்போது இடது காதுத் தோடு விழுந்துவிட்டது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. நான் தூரத்திலிருந்து பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னேன். மாப்பிள்ளை குனிந்து எடுத்து, துடைத்து, திரும்ப ஒட்டினார். தங்கமான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

வருடங்கள் போயின. அத்தான் போய்விட்டார். மற்றவர்கள் என்னைக் கேட்டுக் கேட்டு அலுத்து நிறுத்திவிட்டார்கள். நான் அவர்களுக்கு மழை வெயில் மாதிரி ஆகிவிட்டேன். அக்கா மட்டும் விடவில்லை. குரல் நடுங்கியது. பல் போய்க் காற்று வந்தது. சாப்பாட்டைக் கேட்டாள், துண்டைக் கேட்டாள், கடைசியில் அதையும் கேட்டாள்.

பிறகு ஒரு காலை அவள் குரல் வரவில்லை.

நான் நின்றுவிட்டேன். வீட்டு வாசலில் ஆட்கள் கூடுவது தெரிந்தது. யாரோ பெஞ்சை வெளியே தூக்கி வந்தார்கள். பறை கொட்டினார்கள். எனக்குப் புரிந்தது. ஆனாலும் நடக்காமல் நின்றேன்.

"அக்கா!" என்று கத்தினேன். "அக்கா, கேளு! நான் எங்க வந்துக்கிட்டு இருக்கேன்னு கேளு!"

பாதை அசையாமல் கிடந்தது. அது அவ்வளவு குட்டையாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சிங்காரவேலு சித்தப்பா நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். எழுதியிருந்ததை முழுசாக அழித்திருந்தார்.

"போடா" என்றார். "இனிமே கேக்க ஆளு இல்ல."

மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். அவ்வளவு பக்கம்.

காதுகுத்துக்குப் போட்ட பந்தல் இன்னும் பிரிக்காமல் இருந்தது. அதற்குக் கீழேதான் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். ரொம்பச் சின்னதாக இருந்தாள். தோளில் இருந்த துண்டை எடுத்துப் பிறந்த வீட்டுக் கோடியாகப் போர்த்தினேன். என்னிடம் வேறு துணி இல்லை.

நரைத்த தலையோடு ஒரு பெண்மணி உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைவிட மூத்தவர். காதில் ஒன்றும் இல்லை.

"உக்காருங்க மாமா" என்றாள் செங்கமலம்.

உட்கார்ந்தேன். அவள் ஆசாரியைக் கூப்பிட்டாள்.

"சாவு வீட்டுல காதுகுத்தா?" என்றார் ஒருவர். "ஊரு உலகத்துல உண்டா?"

"அம்மா பாத்துட்டுப் போகட்டும்" என்றாள் செங்கமலம்.

பறையை நிறுத்தினார்கள். அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு என் மடியில் உட்கார்ந்தாள். நல்ல கனம். ஆசாரி ஊசியைத் துடைத்து முடித்தார்.

வலது காதில் குத்தியபோது அவள் அசையவில்லை. நான்தான் அழுதேன். கூட்டத்தின் முன்னால் வாய்விட்டு அழுதேன். அவள் தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா. எறும்பு கடிச்சிருக்கும்."

ஆசாரி இன்னொரு காதைக் கேட்டார்.

"அம்மாவுக்குத் தெரியிற மாதிரி கொஞ்சம் திரும்பி உக்காருங்க மாமா" என்றாள்.

அவளைப் பிடித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன்.