குடிசைக் காட்சியில் ஓர் எலி

எங்கள் ஊரில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் கைக்குழந்தைகளும் நானும் மட்டுமே. தென் ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரை ஒட்டிய ஃபிளிண்டர்ஸ் மலையடிவாரத்தில் எடுக்கப்பட்ட அந்த ஆட்டிடையன் கதையைப் பள்ளிப் பாடத்திலேயே வைத்துவிட்டார்கள். ஆண்டுதோறும் நகர மண்டபத்தில் திரையிடுவார்கள். நான் விடைத்தாள் திருத்த வேண்டும் என்பேன். ஓய்வு பெற்ற பின் தலைவலி என்றேன்.

இத்தனைக்கும் அந்தப் படத்தில் நான் வேலை செய்திருக்கிறேன். காட்சிகளின் தொடர்ச்சிக் குறிப்பு எழுத வந்த பெண் காமாலையில் படுத்துவிட்டாள். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியையான என்னை ஒன்பது வாரத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். இடையன் கோப்பையை எந்தக் கையில் பிடித்தான், சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தான், மெழுகுவர்த்தி எவ்வளவு எரிந்திருந்தது என்று குறித்து வைப்பதே என் வேலை. ஒரு பிழையும் விட்டதில்லை.

ஐம்பதாம் ஆண்டுத் திரையிடலுக்கு வருவதாக நான் ஒப்புக்கொண்டதும் பக்கத்து வீட்டு நோரீன் வேலியருகே வந்து நின்றாள்.

"நெசமாத்தானா, மேவிஸ்? ஐம்பது வருஷமா டிமிக்கி குடுத்தவளாச்சே நீ!"

"வரேன்னு சொல்லிட்டேனே. இன்னும் என்ன?"

"ஞாயித்துக்கிழமை காலையில தலைவலின்னு சொல்லிப் பாரு. டாக்டரைக் கையோட கூட்டிட்டு வந்து நிக்கிறேன்."

டாக்டர்தான் காரணம் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. என் செவிப்புலன் வேகமாகக் குறைந்து வருகிறது என்றும், அடுத்த ஆண்டு கருவி வைத்தும் மெல்லிய ஒலிகள் கேட்குமா என்பது ஐயம் என்றும் அவர் கூறியிருந்தார். அந்தப் படத்தில் எனக்குக் கேட்க வேண்டிய ஒரு நிமிடம் இருந்தது.

அது க்ளெம் ராட்ரே பதிவு செய்த நிமிடம். க்ளெம் ஒலிப்பதிவாளர். ஓரிடத்தில் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் நிசப்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்வார்கள். பேச்சில்லாத இடங்களுக்கு அடியில் பின்னர் அதைச் சேர்ப்பது வழக்கம். இடையனின் குடிசையில் கடைசி நாளன்று, அந்த நிமிடத்துக்குச் சற்று முன்பாக, க்ளெம் என்னருகே வந்தான்.

"வெள்ளிக்கிழமை வண்டி கிளம்புது. எங்கூட சிட்னிக்கு வரியா?"

"இப்படியா கேக்கிறது? எதுக்கும் ஒரு முறை வேண்டாமா?"

"முறையெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம், டீச்சரம்மா. நிசப்தம் எடுக்கப் போறேன். முடிஞ்சதும் பதில் சொல்லு. நடுவுல வாயத் திறந்தே, எல்லார் முன்னாடியும் திட்டுவேன்."

அவன் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றான். குடிசையில் பதினான்கு பேர் சிலைபோல் நின்றோம். நான் குறிப்பேட்டின் ஓரத்தில் 'வருகிறேன்' என்று எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்தேன். மூன்று நாளில் ஒரு வாழ்க்கையை மூட்டை கட்டுவது ஒழுங்கன்று என்று பட்டது. அளவுகோலை வைத்துக் கோடிட்டு அந்தச் சொல்லை அடித்தேன்.

நிமிடம் முடிந்ததும், "என்னால முடியாது, க்ளெம்" என்றேன். அவன் தலையசைத்தான்.

"சரியா வந்துச்சா? இன்னொண்ணு எடுப்போமா?" என்று உதவியாளர் கேட்டார்.

"வேணாம். இதுவே இருக்கட்டும்."

அதன்பின் ஒரு கடிதமும் இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவன் இறந்த செய்தியை நாளிதழில்தான் பார்த்தேன். யோசிக்காமல் மறுத்துவிட்டாள் என்று எண்ணியே போயிருப்பான் என்பதுதான் இத்தனை ஆண்டுகளாக என்னை உறுத்தியது. அவன் அருகில் நின்று நான் யோசித்த அந்த நிமிடத்தை ஒருமுறை கேட்டுவிட விரும்பினேன், வேறொன்றையும் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு பிற்பகல் மண்டபத்தின் முதல் வரிசையில் என்னை உட்கார வைத்தார்கள். பொத்தான்கள் சரியாக இருந்தன. மெழுகுவர்த்தியும் சரியான உயரத்தில் எரிந்தது. மனைவி இறந்த கட்டிலருகே இடையன் தனியே உட்காரும் காட்சி வந்தபோது நோரீன் என் விலாவில் இடித்தாள்.

"இப்ப எலி வரும் பாரு!"

அந்த எலியைப் பற்றி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசக் கேட்டிருக்கிறேன். படத்தில் எலி ஒன்று நடித்திருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

தகரக் கூரையில் காற்று முனகியது. தொலைவில் ஒரு காகம் கரைந்தது. அதன்பின் சுவருக்குள் எதுவோ பிறாண்டுவது போன்ற ஒலி, சின்னச் சின்னதாக, விரைவாக. ஒரு தட்டல். சற்று இடைவெளி. பிறகு ஒரே நீளமாக, கோணல் இல்லாமல் ஓர் இழுப்பு.

ஒலிவாங்கி எனக்கு அவ்வளவு அருகில் இருந்ததை நான் அறியவில்லை. அவன் காதொலிப்பானில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். நான் ஒரு சொல்லை எழுதியதையும், அதை அடித்ததையும் கேட்டுவிட்டு, பழுதான பதிவை இன்னொன்று எடுக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறான். அந்த வெள்ளிக்கிழமை வரை மூன்று நாள்கள் இதே ஊரில் இருந்தான். மறுபடி கேட்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை.

விளக்குகள் எரிந்ததும் நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எலி எப்படி? ஒவ்வொரு தடவையும் எனக்கு அங்கதான் அழுகை வரும்."

"அது எலி இல்ல, நோரீன்."

"பின்ன?"

"பென்சில். என் பென்சில்."

அவள் என்னை வாய்பிளந்து பார்த்தாள். பிறகு இருக்கை அதிரச் சிரித்தாள். "நீயா? நிசப்தத்துல சத்தம் போட்டது நீயா? டாரில்! இங்க வா, இதக் கேளு!"

டாரில் நோஸ்கே என் பழைய மாணவன். இப்போது நகர மன்றத்தில் இருக்கிறான். கேட்டதும் நேராக மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தான்.

"மக்களே, எலி பிடிபட்டாச்சு! மிஸ் ட்ரெவின்தான்! வகுப்புல மூச்சு விட்டாக்கூட எங்கள வெளிய நிறுத்தினவங்க!"

மண்டபம் குலுங்கியது. யாரோ விசிலடித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "மிஸ், ஐம்பது தடவ இம்போசிஷன் எழுதுங்க!" என்றது. நானும் சிரித்தேன், அவர்கள் சிரிப்பதற்கு நியாயம் இருந்தது.

தேநீர் மேசையருகே ஒவ்வொருவராக வந்து கைகுலுக்கினார்கள். எந்தப் பென்சில் என்று கேட்டார்கள். அது இன்னும் என்னிடம் இருக்கிறதா, அருங்காட்சியகத்துக்குத் தர முடியுமா என்றும் கேட்டார்கள். இல்லை என்றேன். எழுதியது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கூட்டம் கலையும்வரை அங்கேயே நின்றேன்.

நோரீன் இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள். நான் போட்டுக்கொள்வதில்லை என்பதை மறந்து சர்க்கரையும் போட்டிருந்தாள். குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.