நெவெனாவின் கடைவாய்ப் பல்

காப்பியில் ரொட்டியை ஊறவைத்துத்தான் நெவெனாவால் காலைச் சாப்பாட்டைத் தொட முடிந்தது. பாதி ரொட்டி கிண்ணத்திலேயே கரைந்து கிடந்தது. வலது கன்னம் உப்பி, வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கியிருந்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. வெளியே தோட்டத்தில் ராஸ்பெர்ரி பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. அரில்யே ஊர்ப் பக்கம் பழம் பறிக்கும் அந்த மாதத்தில் பெண்பிள்ளை படுத்துக்கொண்டால் வீட்டோடு சேர்த்து ஊரும் பேசும்.

"இன்னும் கொஞ்சம் ராக்கியா வாயில அடக்கி வெச்சுக்க," என்று புருஷன் ராடோஷ் குப்பியை நீட்டினான். காய்ச்சலோ கால்வலியோ, எதுவானாலும் அந்த வீட்டில் பிளம் பழச் சாராயம்தான் மருந்து.

"நேத்தெல்லாம் வெச்சேன். வாய்தான் வெந்துபோச்சு. எக்ஸ்ரே எடுத்த பொண்ணு சொன்னதைக் கேட்டியா இல்லியா? பல்லு எலும்புக்குள்ள படுத்துக் கிடக்காம். நரம்பை ஒட்டிக்கிட்டு இருக்காம். உஷித்சே பெரியாஸ்பத்திரியில இருக்கிற வாய் அறுவை டாக்டர்தான் இதைத் தொடணுமாம்."

"அப்ப நம்ம கூம் எதுக்கு இருக்கார், வேடிக்கை பார்க்கவா?"

நெவெனா குப்பியைத் தள்ளி வைத்தாள். அந்தக் கூம் போரிவோயே, இவர்கள் இருவரின் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர். மகளுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது குழந்தையைக் கையில் ஏந்தியவர். இப்படி நிற்பவரைத்தான் கூம் என்பார்கள். கூடப்பிறந்தவனோடு வேலித் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருக்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கூம் மனம் நோக நடந்தால் ஊர் காறித் துப்பும். அந்தக் கூம் பல் டாக்டராகவும் அமைந்துவிட்டார், கடைத்தெருவிலேயே கிளினிக். அவரைத் தாண்டி இன்னொருவரிடம் வாயைத் திறந்து காட்டுவதா!

"அவர் முகத்துல எப்படி முழிப்பேன், சொல்லு," என்றான் ராடோஷ். உண்மையாகவே பயந்துபோய்த்தான் சொன்னான். பெண்டாட்டியின் கழுத்து வீங்குவது கண்ணில் பட்டது, புத்திக்கு எட்டவில்லை.

மத்தியானம் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்தபோது நெவெனாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. எச்சில் விழுங்கும்போது தொண்டையில் ஏதோ அடைத்தது. போரிவோயே எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியது.

சொத்தைப் பல் அடைப்பதில் அவர் கை ராசியான கை. ஆடாமல் நிற்கும் பல்லைக்கூட வலி தெரியாமல் பிடுங்குவார். இது வேறு. ஈறைக் கிழித்து எலும்பை வெட்ட வேண்டும். போதாததற்குச் சீழ் கழுத்துக்கு இறங்கியிருக்கிறது. அவருக்கு அது தெரியும், நன்றாகவே தெரியும். ஆனால் ராடோஷ் வாசலில் நின்று நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் முடியாது என்று கூமே சொன்னால் நாளைக்கு இவர்கள் வீட்டு விருந்து மேசையில் கூமுக்குரிய முதல் இடத்தில் எப்படி உட்காருவது? பாழாய்ப்போன மானம்!

"ஒண்ணுமில்ல, பார்த்துக்கலாம்," என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"கூம் கை வெச்சா போதும், சரியாயிடும்," என்றான் ராடோஷ்.

மரத்துப்போக வைக்கும் ஊசியை எடுத்தார். வாய் திறக்கவில்லை. விரலால் நெம்பினார். நெவெனா துடித்துப்போனாள். அவர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. அதை அவள் பார்த்துவிட்டாள். வலியை விட அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. மூச்சு இழுத்தால் பாதியில் நின்றது. இந்த நாற்காலியிலேயே செத்துப்போய்விடுவேன், மரியாதை குறையாமல் செத்துப்போய்விடுவேன் என்று நினைத்தாள். அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"கூம்," என்றாள். சொல் குழறியது. "உங்க சொந்தப் பொண்ணா இருந்தா... நீங்களே இதைப் பிடுங்குவீங்களா?"

போரிவோயே ஊசியைத் தட்டில் வைத்தார்.

"மாட்டேன்மா. காலையிலேயே உஷித்சேக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பேன்." அப்புறம் வாசலைப் பார்த்துக் கத்தினார். "டேய் ராடோஷ், மரம் மாதிரி நிக்காத! காரை எடு! இவளுக்கு மூச்சு அடைக்குதுடா!"

மலைப்பாதையில் நெவெனா பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தே வந்தாள். சாய்ந்தால் மூச்சு திணறியது. ஒவ்வொரு வளைவிலும் போரிவோயே அவள் தோளைப் பிடித்தபடி, "மூக்கால இழு, மெதுவா இழு," என்று சொல்லிக்கொண்டே வந்தார். ராடோஷுக்குச் சாலை கண்ணீரில் மங்கியது. அவன் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் ஒரு பெண்மணி. கழுத்தைத் தொட்டுப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் நேராக உள்ளே கொண்டுபோகச் சொன்னார். நெடுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"சீழை எடுத்தாச்சு. பொழைச்சுக்குவாங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா மூச்சுக்குழாய் அடைச்சிருக்கும். யாரு இங்க அனுப்பினது?"

"நான்தான். பல் டாக்டர்," என்றார் போரிவோயே தலையைக் குனிந்துகொண்டு.

"நல்ல வேலை செஞ்சீங்க. பல பேர் அனுப்ப மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அந்தப் பாராட்டு போரிவோயேவைச் சுட்டது. ராடோஷ் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

"மன்னிச்சிடுங்க கூம். உங்களை விட்டுட்டு இங்க வந்தா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயந்தேன்."

"முடியாதுன்னு சொன்னா நீ என்ன நினைப்பியோன்னு நான் பயந்தேன்." அவர் அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "இனிமே ஊர்ல யாரு வந்தாலும் சொல்லிடப் போறேன். சொத்தைப் பல்லா, என்கிட்ட வா. எலும்புக்குள்ள கிடக்கிற பல்லா, கழுத்துல வீக்கமா, அறுவை டாக்டர்கிட்ட ஓடு. சொந்தம் பார்த்து வைத்தியரைத் தேடாத, நோயைப் பார்த்துத் தேடு. அதுல யாருக்கும் அவமானம் கிடையாது."

ராடோஷ் எழுந்து மூடிய கதவருகே போய் நின்றான்.

"ராடோஷ், நீ எனக்குப் பயந்தே, நான் உனக்குப் பயந்தேன்," என்றார் போரிவோயே. "அவளுக்காகப் பயப்படத்தான் நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தனும் இல்லாமப் போச்சு."