தளர்ந்த பெல்ட்டின் வேகம்

1

“இந்த மாமாங்க ஏம்ப்பா இவ்ளோ அவசரமாக் கத்துறாங்க? பஸ் போயிடுமா?”

ஏழு வயது தேவதர்ஷினி தன் அப்பா இளவரசனிடம் கேட்டது இது. கதை இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. மீதியை நான் சேர்த்தேன். அப்போது போனில் ஓடியது பிளாக் மெட்டல், அதாவது சாத்தானைக் கூப்பிட்டுக் கத்துகிற ஓர் இசைவகை. காலையில் ரங்கநாதரைக் கும்பிட்டு வருகிறவன் இதைக் கேட்கலாமா? கேட்கலாம். பெருமாள் இதைவிடப் பெரிய கூச்சலையெல்லாம் கேட்டவர்.

2

‘நார்வேயின் பனிக்காட்டில் ஓர் இரவு, நான்கு இளைஞர்கள்—’

அடித்துவிட்டேன். நான் போகாத ஊர். உறையூரில் தொடங்குகிறேன்.

இளவரசனோடு கல்லூரியில் படித்த கியாசுதீன், ஒரு நார்வே பிளாக் மெட்டல் குழுவின் முதல் ஆல்பத்தை எங்கிருந்தோ இரவல் வாங்கினான். ஒரு டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டு, இன்னொன்றில் பதிந்து, இளவரசனுக்குக் கொடுத்தான். ஆறு மாதம் இளவரசன் அதை மட்டுமே கேட்டான். கோயில் யானை நடப்பதுபோல அவசரமில்லாத, கனத்த இசை. பிறகு ஒரு சீனியர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

“ஸ்பீடே தப்பு. உள்ள பெல்ட் தளர்ந்த செட்டுல மெதுவா ஓட விட்டுப் பதிஞ்சிருக்கான்.”

கேன்டீனில் பத்துப் பேர் முன்னால் இளவரசன் கேசட்டை மேஜையில் எறிந்தான். “ஒழுங்காப் பதியக்கூடத் தெரியல. நீயெல்லாம் எதுக்குடா பாட்டு கேக்குற?”

“சரிப்பா” என்றான் கியாசுதீன். கேசட்டை எடுத்துக்கொண்டு போனான். அதன்பின் இருவரும் பேசவில்லை.

(இளவரசனை இவ்வளவு கெட்டவனாக்க வேண்டுமா? வேண்டும். நல்லவர்கள்தான் இப்படி ஒன்றைப் பேசிவிட்டு இருபத்தைந்து வருடம் மறக்காமல் இருப்பார்கள்.)

3

போன ஞாயிற்றுக்கிழமைதான் இளவரசன் அசல் ஆல்பத்தைப் போனில் முதன்முதலாகக் கேட்டான். ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஆல்பம், தகர டப்பாவுக்குள் மாட்டிய குளவிபோல் இரைந்தது. மகள் கேட்டாளே, அந்தக் கேள்வியில் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆறு மாதம் அவனை ஆட்டிவைத்தது உறையூரில் தளர்ந்துபோன ஒரு ரப்பர் பெல்ட்.

கம்ப்யூட்டரில் வேகத்தைக் குறைத்தான். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். யானை நடக்கத் தொடங்கியது.

“இப்ப பஸ் கெடச்சிடுச்சாப்பா?”

“கெடச்சிடுச்சும்மா.”

அந்த வேகத்திலேயே ஒரு கேசட்டில் பதிந்தான்.

4

முடிவு ஒன்று: பழைய பத்துப் பேரையும் கூட்டி, அவர்கள் முன்னால் மன்னிப்பு— வேண்டாம். கியாசுதீன் கூச்சத்தில் எழுந்து போய்விடுவான்.

முடிவு இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். [கியாசுதீன் இப்போது உறையூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கடையில் அதற்கு இடம் கிடையாது.]

அவனிடம் இன்னும் டேப் ரெக்கார்டர் இருக்கிறதா, கேட்டால் அவன் சிரிப்பானா, போன் செய்வானா என்பதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என் பங்கு இவ்வளவுதான்:

வெள்ளிக்கிழமை மதியம். கியாசுதீன் தொழுகைக்குப் போயிருந்தான், கடை பூட்டியிருந்தது. இளவரசன் குனிந்து, ஷட்டருக்கு அடியிலிருந்த இடைவெளியில் கேசட்டைத் தள்ளினான். அதன் உறையில் ‘சரியான வேகம்’ என்று எழுதியிருந்தான். தெருவில் யாரும் இல்லை.